‘ஆவாது’ என்று சொல்ல ஓர் ஆள்

1

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள் அக்டோபர் கடைசியில் வரும். கல்யாண நாளையே நான் ஞாபகப்படுத்தினால்தான் உண்டு என்று இருக்கும் என் வீட்டுக்காரர் முருகேசன், அந்த நாளை மட்டும் மறந்ததில்லை. அன்று சேமியா பாயசம் வைக்க வேண்டும். வந்த அன்றைக்குப் பெட்டியில் இருந்த சேமியாவைத் தவிர வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லை, அதனால் வைத்தது. அப்படியே பண்டிகையாகிவிட்டது. தீபாவளிக்கு இந்த ஊரில் லீவு கிடையாது, இந்தப் பண்டிகைக்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருஷம் பாயசத்தை ஒரு டப்பாவில் ஊற்றி, மூடியைச் சுற்றித் துணி கட்டி, இரண்டு பஸ் மாறி எடுத்துப் போக வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஓசூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் சிலர் இன்னமும் போனில் கேட்கிறார்கள், “என்ன தேவி, முருகேசன் அண்ணன் எப்படி இருக்கார்?” என்று. “நல்லா இருக்காரு” என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அவர்கள் படிக்கட்டும்.

எனக்குப் பிறந்த ஊர் நாகரசம்பட்டி. அப்பாவுக்கு மாந்தோப்பு. முருகேசனுக்கு உத்தனப்பள்ளி. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மிசின் ஆபரேட்டராக இருந்தார். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டை ஊருக்கு வேலைக்கு வந்தோம். மகள் கயல் அப்போது நர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் லண்டனில் வேலை பார்க்கிறாள். பேச ஆரம்பிக்கும்போது தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். கடைசியாக அவள் தமிழில் கோபப்பட்டது எந்த வகுப்பில் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

2

ஓசூரில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் எடுத்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், மீதிப் பேருக்குத் தமிழ். எல்லாருக்கும் அப்பா ஷிப்டில் இருப்பார். ‘கேன்’ பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ‘ஐ கேன் ஜம்ப்’ என்று சொல்லிக் குதிக்க வேண்டும். ‘ஃபிஷ் கேன் ஸ்விம்’ என்று சொல்லிக் கையை வீச வேண்டும். ‘ஐ கேனாட் ஃப்ளை’ வரும்போது மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். “ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நில்லுங்க” என்பேன். சும்மா நிற்பதுதான் அவர்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கும்.

அந்தப் பாடத்தில் ஓர் இடம் பிள்ளைகளுக்குப் பிடிபடவே படாது. ‘கேன்’ என்பது ரொம்பத் திமிர் பிடித்த வார்த்தை. தனியாகத்தான் நிற்கும். ‘எனக்கு நடக்க முடிய வேண்டும்’ என்று சொல்லப் போய், ‘நீட்’ என்ற தேவையைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் வைத்தால், ‘கேன்’ எழுந்து போய்விடும். அந்த இடத்துக்கு ‘பி ஏபிள் டு’ என்று மூன்று வார்த்தைகள் கைகோத்துக்கொண்டு வரவேண்டும். ‘ஐ நீட் டு பி ஏபிள் டு வாக்.’ இதைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைப்பேன். சொல்வார்கள். மறுநாள் ‘ஐ நீட் டு கேன் வாக்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். சிவப்பு மையில் அடிப்பேன். தேவை வந்த இடத்தில் ‘கேன்’ இருக்காது என்று எத்தனை தடவை சொன்னேனோ, அதன் அர்த்தம் எனக்கே அப்போது தெரியாது.

தமிழில் ‘என்னால் முடியும்’ என்கிறோம். எங்கள் பக்கத்தில் அதைக்கூட அதிகம் சொல்வதில்லை. ‘ஆவும்’, ‘ஆவாது’, அவ்வளவுதான். கன்னடக்காரர்கள் ‘ஆகல்ல’ என்பார்கள், தெலுங்குக்காரர்கள் ‘காது’ என்பார்கள். மூன்று பாஷையிலும் வேலைதான் ஆகும், அல்லது ஆகாமல் போகும். ஆள் கொஞ்சம் பின்னால் நின்றுகொள்ளலாம். இங்கிலீஷில் அப்படி இல்லை. ஆள்தான் முன்னால் வரவேண்டும். ஐ கேன். ஐ கேனாட். வாக்கியத்தின் வாசலிலேயே ‘நான்’ நிற்கிறது.

3

முருகேசனின் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்த பழக்கம் இல்லை. சூப்பர்வைசர் வந்து, “இன்னிக்கு டபுள் ஷிப்ட், முடியுமா?” என்று கேட்டால், யாரும் தன்னைப் பற்றி ‘முடியாது’ என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் மாட்டேன் என்று எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடும். “ஆயிடும் சார்” என்றுதான் பதில். காய்ச்சல் அடித்தாலும் “ஆயிடும் சார்”. அதனால் பக்கத்து மிசினில் இருப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஆளின் கண் செருகுகிறதா, கை நடுங்குகிறதா என்று பார்த்து, அவன் போய்ச் சொல்ல வேண்டும், “சார், அவனுக்கு இன்னிக்கு ஆவாது” என்று. சூப்பர்வைசரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். இவனும் வாயைத் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

முருகேசனுக்குப் பக்கத்து மிசின், அத்திப்பள்ளியிலிருந்து வரும் மஞ்சுநாத். ஒருமுறை முருகேசனுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள், இவர் பாட்டுக்கு மிசினில் நிற்கிறார். மஞ்சு நேராக ஆபீஸ் ரூமுக்குப் போய், “இவனிகெ இவத்து ஆகல்ல சார்” என்று சொல்லிவிட்டு, தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். மஞ்சு வீட்டுக்குள் வந்ததும் அந்த நிலையிலும் இவர் எழுந்து நின்று, “ஒக்காருடா, காப்பி குடிச்சிட்டுப் போ” என்கிறார். அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்தால் பயமாக இருந்தது எனக்கு.

அது அவருடைய இன்னொரு வழக்கம். வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் எழுந்து போய்த்தான் கூப்பிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து ‘வாங்க’ சொல்வது அவர் குடும்பத்திலேயே கிடையாது. என் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தபோது உத்தனப்பள்ளியில் உறவுக்காரர்கள் ஆரஞ்சும் பிரெட்டுமாக உடம்பு பார்க்க வருவார்கள். யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும். அவருக்கு வேட்டி மாற்றி, திருநீறு வைத்து, தலைமாட்டில் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். “எப்பிடி இருக்கறீங்க?” என்றால், “எனக்கென்னா, நல்லா இருக்கறன். மொதல்ல சாப்புடுங்க” என்பார். வந்தவர்களும் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்டுப் போவார்கள். சொல்வது ஒன்று, புரிந்துகொள்வது ஒன்று. எல்லாருக்கும் அது தெரியும்.

எனக்காக மட்டும் முருகேசன் எழுந்ததில்லை. பள்ளியிலிருந்து களைத்து வருவேன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் “வந்துட்டியா” என்பார். “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எந்திரிக்கறீங்க, நான் வந்தா மட்டும் சோபாவுல பசை போட்ட மாதிரி ஒக்காந்திருக்கறீங்க” என்று கேட்டால், “நீ என்னா விருந்தாளியா?” என்று முடித்துவிடுவார்.

4

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது. ஆஸ்பத்திரியில் ஓரளவு தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பேச்சு குழறும், ஆனால் புரியும். எங்கள் வீடு இந்த ஊர் வழக்கப்படி ஒல்லியான வீடு. கீழே ஒரு முன்னறை, சமையலறை. குளியலறையும் கழிப்பறையும் மாடியில். படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. காலையில் அவரை முன்னால் விட்டு, நான் பின்னால் தோளைக் கொடுத்து ஏற்றுவேன். குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்டு இறக்குவேன். பிறகு பள்ளிச் சமையலறை வேலைக்கு ஓடுவேன். இங்கே நான் டீச்சர் இல்லை. மத்தியானம் பிள்ளைகளுக்குத் தட்டில் உருளைக்கிழங்கு வைக்கிறேன். ‘கேன் ஐ ஹாவ் மோர்?’ என்று நீட்டுவார்கள். ‘மே ஐ’ என்று கேட்கச் சொல்லித் திருத்த நாக்கு துடிக்கும். கரண்டியோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்த ஊர் நகராட்சியான கவுன்சிலிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, அவருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று பார்த்து, உதவிக்கு ஆள் அனுப்புவதா என்று முடிவு செய்வார் என்றார்கள். காலையில் தூக்கிவிட ஓர் ஆள் வந்தால் எனக்கு அது சாமி வந்த மாதிரி. கயல் அதற்கு முந்தின வாரமே போனில் பாடம் எடுத்துவிட்டாள்.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லு. நல்லா இருக்கற நாளப் பத்திப் பேசக் கூடாது. ரொம்ப மோசமான நாள் எப்படி இருக்கும், அதத்தான் சொல்லணும். நாம சொல்ற வார்த்தைய மட்டும்தான் அவங்க எழுதுவாங்க.”

நான் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்.

“இருக்கறதுல மோசமானத எடுத்துக் காட்ட நான் என்னா பிச்சையா எடுக்கறன்? வர்றவங்க கண்ணு இல்லாதவங்களா? பாத்தா தெரியாதா?”

வரும் நாள் காலையில் என்னைச் சவரம் செய்துவிடச் சொன்னார். “அந்த நீலச் சட்டய எடு. பொம்பள ஒருத்தங்க வர்றப்ப பனியனோட ஒக்காந்திருக்கவா?” என்றார். நானும் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். காப்பிப் பொடி நல்லதாக வாங்கி வைத்தேன். நினைத்துப் பார்த்தால் இருவருமாகச் சேர்ந்து உத்தனப்பள்ளியில் மாமனாருக்குச் செய்ததை அப்படியே செய்திருக்கிறோம்.

வந்தவர் பெயர் லிண்டா. நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்லமாட்டேன். மணி அடித்ததும் நான் சமையலறையிலிருந்து வருவதற்குள், முருகேசன் சோபாவின் கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்து, வாசல்வரை போய்விட்டார். வேர்வை வழிகிறது. இடது கையால் கதவைத் திறந்து, “வெல்கம், கம், கம்” என்கிறார். லிண்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு நன்றாக நடக்கிறீர்கள் என்று பாராட்டினார். அந்த நடைக்குப் பிறகு நாள் முழுக்க அவரால் எழ முடியவில்லை என்பதை லிண்டா பார்க்கவில்லை.

கேள்விகள் ஆரம்பித்தன. தானாகக் குளிக்க ‘ஏபிள்’ஆ? “யெஸ், ஐ கேன்.” படி ஏற? “ஸ்லோலி ஸ்லோலி, ஐ கேன்.” சூடாகக் குடிக்க ஏதாவது தானே செய்துகொள்ள? “ஐ கேன்.” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கை கால் நன்றாக இருந்த காலத்திலேயே அடுப்பு பற்றவைக்கத் தெரியாத மனிதர். என்னைப் பார்த்து, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார் லிண்டா. ‘வி மேனேஜ்’ என்றேன். சிப்காட்டில் ‘மேனேஜ் பண்ணிக்கலாம் சார்’ என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம் என்று அர்த்தம். லிண்டா அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் முன்னால், சவரம் செய்து சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் புருஷனைக் காட்டி ‘பொய் சொல்கிறார்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் லிண்டா பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ‘முருகேசன், என்ன செய்ய முடிந்தால் உங்கள் வாழ்க்கைக்கு அது பெரிய விஷயமாக இருக்கும்? வாட் டூ யூ நீட் டு பி ஏபிள் டு டூ?’

நான் கரும்பலகையில் எழுதிய அதே வாக்கியம். முருகேசன் வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, “நத்திங். ப்ளீஸ், காஃபி கூல் ஆகுது” என்றார்.

மாடிப்படியில் ஒரு கைப்பிடியும், குளியலறைக்கு ஒரு ஸ்டூலும் கொடுத்தார்கள். ஆள் வரவில்லை.

கயல் போனில் கத்தினாள். முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை, “ஏம்மா?”

5

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒருநாள் காலை, குளியலறையில் அவரைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது என் முதுகில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. அவர் தொட்டிக்குள், ஈரத்தோடு. நான் வெளியே, தரையில். தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. அவர் உடம்பு நடுங்குவது தெரிகிறது, ஒரு துண்டை எடுத்துப் போட என் கை எட்டவில்லை. கயல் வழக்கமாகக் கூப்பிடும் நேரம், போன் கீழே அடித்து அடித்து நின்றது.

“தேவி, வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இல்லீங்க, ஆயிடும். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிடுவன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் நான் தவழ்ந்து, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, போனை எடுத்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியிருந்தது. கனம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கனம் என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரை.

கயல் லண்டனிலிருந்து வந்தாள். ஒரு வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது, ‘ஆ காட்டுங்க’ என்பது அவளுக்கு வரவில்லை. ‘ஓப்பன், அப்பா’ என்றாள். அவர் சமர்த்தாக வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் போன பிறகு என்ன என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

6

கயல் கிளம்புவதற்கு முதல் நாள் லிண்டா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை முருகேசன் எழவில்லை. எழப் பார்த்தார், கால் வழுக்கியது. “சாரி” என்றார் லிண்டாவைப் பார்த்து. எழுந்து வரவேற்க முடியாததற்கு.

லிண்டா நிலைமையை மறைக்காமல் சொன்னார். கீழே கழிப்பறை கட்ட இந்த வீட்டில் இடம் இல்லை. வேறு வீட்டுக்கு வரிசை நீளம். இரண்டே வழிதான். காலையும் மாலையும் ஓர் ஆள் வருவார், மற்ற நேரமெல்லாம் தூக்குவதும் திருப்புவதும் நான் செய்ய வேண்டும். என்னால் அது முடியும் என்றால் அவர் வீட்டிலேயே இருக்கலாம். முடியாது என்றால் அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறில்லை.

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா, உங்களுக்கு விருப்பமா என்று கேட்டார். ‘ஏபிள்’, ‘வில்லிங்’ என்று இரண்டையும் தனித்தனியாக நிறுத்திக் கேட்டார். இயலாது என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் எனக்கு ‘முடியாது’ என்ற ஒரே வார்த்தைதான் தெரியும் என்று அவருக்கு எப்படிச் சொல்ல? முடியாது என்றால் என் புருஷனை மாட்டேன் என்று தள்ளிவிட்ட மாதிரி அல்லவா?

‘ஐ கேன்’ என்றேன்.

“நோ.”

குழறிய குரல். எல்லாரும் திரும்பினோம். முருகேசன் இடது கையைத் தூக்கியிருந்தார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அந்த மாதிரி.

“ஷீ கேனாட்” என்றார். “ப்ளீஸ், ரைட். ஷீ கேனாட்.”

“நீங்க சும்மா இருங்க” என்றேன் நான். “எனக்கு ஆவும்.”

“ஆவாது.”

“ஆவும்ங்கறன் இல்ல? இடுப்புக்கு பெல்ட்டு போட்டுக்கிட்டா ஆயிடும்.”

“ஒனக்கு ஆவாது தேவி.”

லிண்டா கயலைப் பார்த்து, இருவரும் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். கயலுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். ஆனாலும் அன்றைக்குப் புரிந்திருந்தது. அம்மா முடியும் என்கிறாள், அப்பா முடியாது என்கிறார், மாற்றி மாற்றி அதையேதான் சொல்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

லிண்டா அவர் பக்கம் குனிந்து, இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்தானே, நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்றார். “ஐ நோ” என்றார் முருகேசன். காமாலைக் கண்ணோடு மிசினில் நின்றவர், தொட்டியில் நடுங்கிக்கொண்டே என் வலியைக் கேட்டவர், தனக்காக ஒருநாளும் சொல்லாத அந்த ‘கேனாட்’டை எனக்காகச் சொல்லிவிட்டு, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

லிண்டா போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“யாரக் கேட்டு அப்பிடி சொன்னீங்க? உங்களுக்குன்னு கேட்டப்ப எல்லாம் ஆவும்னீங்களே. குளிக்க ஆவும், ஏற ஆவும், காப்பி போட ஆவும். எனக்கு மட்டும் எதுக்கு ஆவாதுன்னு சொல்லணும்?”

அவர் வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார்.

“நம்மளுக்கு நாமளே சொல்லிக்க முடியாது தேவி. பக்கத்து மிசின்காரன்தான் சொல்லணும். எனக்கு மஞ்சு சொன்னான். ஒனக்கு இங்க என்னைய விட்டா யாரு இருக்கா?”

அவர் தலையை என் மேல் சாய்த்துக்கொண்டு அழுதேன். இடுப்பு வலித்தது. நகரவில்லை.

7

இல்லம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. அறையில் ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், பெயர் தெரியாது, காய் காய்க்காது. காலையில் ஒரு பெல்ட்டும் கொக்கியும் வைத்த மிசின் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறது. “நல்ல மிசினு, சத்தமே இல்ல” என்று முதல் நாளே சான்றிதழ் கொடுத்துவிட்டார். வீட்டில் நான் இப்போது மாடி ஏறி இறங்கும்போது படி ஒரு ஆளுக்கு ரொம்ப அகலமாகத் தெரிகிறது.

காலையில் அவரைக் கிளப்பும் வேலை இல்லாததால், பள்ளிக்குச் சீக்கிரமே போய்விடுகிறேன். தட்டுகளை அடுக்கிவிட்டு சும்மா நிற்கிறேன். அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சும்மா நிற்பது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

பாயச நாள் சனிக்கிழமையில் வந்தது. டப்பாவோடு போனேன். வாசலில் நேரம் எழுதி, பெயர் எழுதி, என் சேலை மேல் ‘விசிட்டர்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எப்போதும் ஒட்டுவதுதான். கூடத்தில் எல்லாரும் நாற்காலிகளில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சவரம் செய்திருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். யாரிடம் என்ன சொல்லிப் போட வைத்தாரோ.

என்னைப் பார்த்தார். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுத்தார். இடது கையை நாற்காலியில் ஊன்றினார். தோள் நடுங்கியது. அங்கே வேலை செய்யும் பெண், எழ வேண்டியதில்லை முருகேசன், உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

நான் போய்ப் பிடிக்கவில்லை. பிடிக்க எனக்கு ஆகாது. கையில் டப்பாவோடு, நின்ற இடத்திலேயே நின்றேன். முப்பது வருஷத்தில் முதல்முறையாக எனக்காக எழுந்து நிற்கும் மனிதரைப் பார்த்துக்கொண்டு.

“வா தேவி, வா” என்றார். “ஒக்காரு. காப்பி குடிக்கிறியா?”